நாலு ஆண்டனி

பையை இங்க குடுங்க, நான் மடியில வச்சுக்கிடுதேன். நீங்க இப்பிடி உள்ள தள்ளி உக்காருங்க. வள்ளியூர் வரைக்குமா? நானும் அங்கதான். வெரல்ல செவப்பு மை இருக்கு, அதான் கேக்கேன், நீங்க டீச்சர்தானே? ஏறும்போதே நெனச்சேன். என்ன பாடம்? கணக்கா. இங்கிலீஷா இருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும். பரவால்ல, டீச்சரா வாரவிய எல்லாரும் இங்கிலீஷு பாஸாகித்தானே வந்திருப்பிய.

எனக்கு உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சும்மா கேட்டா ஒரு வார்த்தையில பதில் சொல்லிட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டு வருவிய. விசயத்தைச் சொன்னாத்தான் நான் எதுக்குக் கேக்கேன்னு உங்களுக்கு விளங்கும். வள்ளியூருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. பத்து மணிக்கு எனக்குப் பரீட்சை. ஆமா, எனக்குத்தான். சிரிக்காதிய.

எம்பேரு தங்கபுஷ்பம். கல்லடிவிளை. வீட்டுல நாங்க ரெண்டு மருமக்க. நான் மூத்தவ. இளையவ லிங்கசெல்வி, என் கொழுந்தன் பொண்டாட்டி. அவ மேல எனக்குப் பொறாமைன்னு தெருவுல பேசிக்கிடுதாவ. அது பொய்யி. பொறாமைங்கது நம்மகிட்ட இல்லாத ஒண்ணு அடுத்தவகிட்ட இருந்தா வாரது. நானும் பத்தாவது ஃபெயிலு, அவளும் பத்தாவது ஃபெயிலு. நானும் இங்கிலீஷுலதான் போனேன், அவளும் இங்கிலீஷுலதான் போனா. மத்த பாடமெல்லாம் ரெண்டு பேரும் பாஸு. நான் இருபத்தெட்டு மார்க்கு, அவ இருபத்தாறு. அவ கல்யாணமாகி வந்த அன்னைக்கே கேட்டு வச்சுக்கிட்டேன். ரெண்டு மார்க்கு நான் கூட. அந்த ரெண்டு மார்க்குல நாலு வருசம் நிம்மதியா இருந்தேன் டீச்சர், பொய் சொல்லல.

பொறவுதான் எங்க ஊரு பால்வாடி டீச்சர் ரிட்டயர்டு ஆகப் போறாவன்னு பேச்சு வந்துச்சு. உள்ளூர்க்காரியாப் பாத்துப் போடுவாவளாம், பத்தாவது பாஸாகி இருக்கணுமாம். நான் சின்னப் பிள்ளையளைச் சமாளிப்பேன், சத்தம் போட்டாச் சொன்னபடி கேக்கும், பாட்டும் பாடுவேன். அந்த வேலை எனக்குன்னே இருக்க வேலைன்னு தோணிட்டு. இங்கிலீஷு ஒண்ணுதானே, எழுதிருவோம்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட மெல்லச் சொன்னேன். அதை எங்க அத்தை கேட்டுட்டு, “ஏட்டி, அப்ப செல்வியும் எழுதட்டும், போக வர ஒருத்திக்கொருத்தி துணை” அப்பிடின்னுட்டாவ. இடம் ஒண்ணு. போறது ரெண்டு பேரு. நீங்க கணக்கு டீச்சர், உங்களுக்குப் புரியும். எங்க அத்தைக்குப் புரியல.

எங்க ஊரு ஸ்கூல்ல ஷெர்லின் டீச்சர்னு ஒருத்தவிய இருந்தாவ. சின்ன வயசுதான், எனக்குப் பத்து வயசு இளையவிய. பரீட்சை எழுதப் போற பொம்பளையளுக்குச் சாயங்காலம் நாலரைல இருந்து ஆறு வரைக்கும் சும்மாவே சொல்லிக் குடுத்தாவ. நாங்க ஒம்பது பேரு. அஞ்சாங்கிளாஸுப் பிள்ளையளு பெஞ்சு. உக்காந்தா முட்டு ரெண்டும் டெஸ்க்குல இடிக்கும். நான் முத பெஞ்சு. அவ என் பக்கத்துல உக்காந்தா. வேற எடம் இருந்துச்சு. எம் பக்கத்துலதான் உக்காந்தா.

முதல்ல கிராமரு. பாஸிவ் வாய்ஸுன்னு ஒண்ணு. பூனை எலியைத் தின்னுச்சுன்னு சொல்லாம, பூனையால எலி தின்னப்பட்டுச்சுன்னு மாத்தி எழுதணும். எலிக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அதுக்கு மார்க்கு இருக்கு. நான் கைடுல உள்ளதை அப்பிடியே நெட்டுரு போட்டேன். முப்பது வாக்கியம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். இவ என்ன செஞ்சா தெரியுமா? வீட்டுக்கு வந்து அடுப்பாங்கரையில நிண்ணுக்கிட்டு, “யக்கா, உங்களால குழம்பு வைக்கப்பட்டதா?”ன்னு கேக்கா. எங்க அத்தை விழுந்து விழுந்து சிரிச்சாவ. கொழுந்தன், “என்னால வெந்நீர் கேக்கப்பட்டது”ங்கான். அன்னைக்குப் பூரா வீட்டுல அதே சிரிப்பு. குழம்பு வச்சவ நான். அதைப் பத்தி ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.

எனக்கு ஒரே மக, அபிஷா. ரெண்டாங்கிளாஸு, இங்கிலீஷு மீடியம். வீட்டுப்பாடம் வந்தா எங்கிட்ட நோட்டைக் கொண்டு வரும், நான் திருதிருன்னு முழிப்பேன், பொறவு ரெண்டு பேருமா வேன்ல வாற அடுத்த வீட்டுப் பிள்ளைகிட்டப் போயிக் கேட்டுட்டு வருவோம். அது எனக்கும் என் மகளுக்கும் உள்ள ஒரு இது. இந்தக் கிளாஸுக்குப் போக ஆரம்பிச்ச ரெண்டாவது மாசம், அபிஷா நோட்டைத் தூக்கிக்கிட்டு நேரா அவ சின்னம்மா செல்விகிட்டப் போயிட்டு. ஏம்மா, அம்மாகிட்ட கேக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். “நீ சத்தம் போடுவ. சின்னம்மாவுக்குத் தெரியலன்னா ரெண்டு பேரும் சேந்து தேடுவோம்”னு சொல்லுது. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல டீச்சர்.

அப்பவும் நான் ஒண்ணும் செய்யல. செஞ்சது அந்த ஃபிகர் ஆஃப் ஸ்பீச்சுக்குப் பொறவுதான்.

உங்களுக்கு மறந்திருக்கும், நான் சொல்லுதேன். ஒண்ணை இன்னொண்ணு மாதிரின்னு சொன்னா அது சிமிலி. மாதிரிங்கதை எடுத்துப் போட்டுட்டு, அதுவே இதுன்னு அடிச்சுச் சொன்னா மெட்டஃபர். உசிரில்லாததை ஆளு மாதிரிப் பேசுனா பெர்சானிஃபிகேஷன். ஷெர்லின் டீச்சர், “கைடுல உள்ளதை எழுதாதீங்க, உங்க வீட்டுல உள்ளதை வச்சு ஆளுக்கு மூணு எழுதிட்டு வாங்க, இங்கிலீஷு வரலேன்னா தமிழ்லயே எழுதுங்க”ன்னாவ. அவிய அப்பிடித்தான் சொல்லுவாவ. நம்ம வீட்டுல என்ன இருக்கு எழுதுததுக்கு? நான் கைடைப் பாத்து, அவன் சிங்கம் மாதிரிச் சண்டை போட்டான்னு இங்கிலீஷுலயே எழுதுனேன். ஒரு எழுத்துத் தப்பு கிடையாது.

இவ எழுதுனதை டீச்சர் எந்திரிச்சு நிண்ணு வாசிச்சாவ. “எங்க வீட்டுத் தண்ணிக் குழாய் காலையில இருமிட்டுத்தான் பேச ஆரம்பிக்கும்.” அது குழாயி, சரி, போவட்டும். அடுத்தது, “எங்க அக்கா சத்தம் ஸ்கூல் மணி மாதிரி. அது அடிச்சாத்தான் வீட்டுல எல்லாரும் எந்திரிப்போம்.” கிளாஸு பூராச் சிரிப்பு. நான் டெஸ்க்கைப் பாத்துக்கிட்டு இருக்கேன். மூணாவது, “எங்க வீட்டுக்குக் கதவு எங்க அக்கா.”

கதவு! காலால ஒதைச்சுத் தெறக்கது கதவைத்தான். கோவம் வந்தா படார்னு சாத்துதது கதவைத்தான். செருப்பு கெடக்கதும் அதுக்குப் பக்கத்துலதான். எட்டு வருசமா அந்த வீட்டுக்கு ஒழைச்ச என்னைக் கதவுன்னு எழுதிட்டு வந்து ஒம்பது பேருக்கு முன்ன வாசிக்க வச்சுட்டா. வெளிய வந்ததும் கேட்டேன், ஏட்டி, நான் உனக்குக் கதவாட்டின்னு. “கதவு இருக்கப் போயித்தானே யக்கா நாங்க உள்ள பயமில்லாம இருக்கோம்”ங்கா. விளக்கம் வேற. டீச்சர் என் நோட்டுல சிங்கத்துக்கு ஒரு டிக்கு போட்டிருந்தாவ. அவ நோட்டுல கதவுக்கு ஒரு ஸ்டாரு, பக்கத்துல வெரி குட்டு. எட்டிப் பாத்தேன்.

சரி, பொறாமைதான். வச்சுக்கிடுங்க. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போவுது. எங்க வீட்டுக்காரர் அதைக் கேட்டுட்டு மறுநாள் காலையில, “கதவே, காப்பி கொண்டா”ங்காவ. அவிய வேடிக்கையாத்தான் சொன்னாவ. நான் காப்பியை டொக்குன்னு வச்சுட்டு வந்துட்டேன். எனக்கு ஏன் குழாய் இருமுதது கேக்கல? நானுந்தானே தெனமும் அதுல தண்ணி பிடிக்கேன். அவளுக்கு மட்டும் எப்பிடிக் கேக்கு? அதை நெனச்சு நெனச்சு ஒரு வாரம் நான் சரியாப் பேசல.

அந்த வாரந்தான் அவ மகனுக்குக் காய்ச்சல். ஒரு நாள் கிளாஸுக்கு வரல. அன்னைக்கு டீச்சர் சினானிம், ஆன்டனிம் நடத்துனாவ. ஒரே அர்த்தம் உள்ள வார்த்தை சினானிம், எதிர்ப்பதம் ஆன்டனிம். அதுல மூணு, இதுல மூணு, ஆறு மார்க்கு. பரீட்சையில ஒவ்வொண்ணுக்கும் நாலு வார்த்தை குடுத்திருப்பாவ, அதுல ஒரே அர்த்தமும் இருக்கும் எதிர்ப்பதமும் இருக்கும், எது எதுன்னு தெரிஞ்சாத்தான் தப்பிக்க முடியும், ஆறும் கண்ணை மூடிக்கிட்டு வாங்குற மார்க்குன்னு சொன்னாவ. நான் எல்லாம் எழுதிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசல்லயே பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கா. “யக்கா, இன்னைக்கு என்ன நடத்துனாவ?”ன்னா.

நான் திட்டம் போட்டுச் சொல்லல டீச்சர். சத்தியமாச் சொல்லுதேன், வாய் தன்னால சொல்லிட்டு. “சினானிம்னா எதிர்ப்பதம்ட்டி”ன்னேன். “எப்பிடிக்கா ஞாபகம் வைக்கது?”ன்னா. அதுக்கும் தன்னால வருது. “சினானிம்ல என்ன இருக்கு பாரு. சின. சினம். சினம்னா கோவம். கோவம் யாரு மேல வரும்? எதிரி மேல. அதனால எதிர்ப்பதம். ஆன்டனிம்ல யாரு இருக்கா? ஆண்டனி. நம்ம தெருவுல எத்தனை ஆண்டனி? லோடு ஆட்டோ ஆண்டனி, கோழிக்கடை ஆண்டனி, எதிர்வீட்டு ஆண்டனி, மிலிட்டரி ஆண்டனி. நாலு பேருக்கும் ஒரே பேரு. ஒரே மாதிரி. அதனால ஒரே அர்த்தம்.” அவ வாயைத் தெறந்துக்கிட்டுக் கேக்கா. “யக்கா, டீச்சரே இப்பிடிச் சொல்ல மாட்டாவக்கா”ங்கா. எனக்கே ஆச்சரியம். மூணு மாசம் கிளாஸுக்குப் போயி நானாச் சொந்தமா ஒண்ணு சொன்னது அன்னைக்குத்தான். அதுவும் தப்பாப் போச்சு.

மறுநாள்ல இருந்து பாட ஆரம்பிச்சுட்டா. அது பாட்டாவே ஆயிட்டு. முருங்கைக்கீரை உருவும்போது, “சினானிம் சினம், சினம்னா எதிரி, நாலு ஆண்டனி ஒரே மாதிரி.” கிரைண்டர்ல மாவு ஓடும்போது அதே. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது அதே. அபிஷா வேனுக்கு நிக்கும்போது கையைத் தட்டித் தட்டிப் பாடுது. எங்க அத்தைக்கு ஏ பி சி டி தெரியாது, அவிய வெத்தலை இடிச்சுக்கிட்டு நாலு ஆண்டனிங்காவ. எதிர்வீட்டு ஆண்டனி ஒரு நாள் வந்து, “என்ன, எம் பேரு சொல்லிப் பாட்டுப் படிக்கிய?”ன்னு கேட்டுட்டுப் போறாரு. எனக்கு முதல்ல ஒரு வாரம் சந்தோசமா இருந்துச்சு. பாடுட்டி, நல்லாப் பாடு, ஆறு மார்க்கு போச்சுன்னு நெனச்சுக்கிட்டு வேலையைப் பாப்பேன்.

பொறவு கொஞ்சம் பயம் வந்துச்சு. சொல்லிருவோமான்னு தோணும். அவ தட்டுல சோத்தை வச்சுக்கிட்டு, “இதை நீங்க சொல்லித் தந்தது யக்கா, மறக்கவே இல்ல”ங்கும்போது சொல்லிரலாம்னு வாயைத் தெறப்பேன். அந்நேரம் பாத்து அபிஷா அவ மடியில போயி உக்காரும். நான் வாயை மூடிக்கிடுவேன்.

பரீட்சை அன்னைக்கு இதே பஸ்ஸுலதான் ரெண்டு பேரும் போனோம். அவ எனக்கும் சேத்து ரெண்டு பேனா வாங்கிருந்தா. ஒண்ணு எழுதலன்னா இன்னொண்ணு யக்கான்னு நீட்டுதா. அப்பவும் சொல்லிருக்கலாம். ஆத்துப் பாலம் வாரதுக்குள்ள சொல்லிருதேன்னு நெனச்சேன். பாலம் வந்துட்டு. சரி, ஸ்டாண்டு வாரதுக்குள்ள சொல்லுவோம்னு நெனச்சேன். ஸ்டாண்டும் வந்துட்டு. இடம் ஒண்ணுதானே டீச்சர். நீங்களா இருந்தா சொல்லிருப்பியளா? சொல்லிருப்பியளாக்கும்.

ஹால்ல பேப்பரைத் தந்தாவ. முத கேள்வியே அதுதான். சினானிம் மூணு. ஒவ்வொண்ணுக்கும் நாலு வார்த்தை. வார்த்தை பூரா எனக்குத் தெரிஞ்சதுதான், கைடுல நெட்டுரு போட்டது. பேனாவை எடுக்கேன், காதுக்குள்ள ஆரம்பிச்சுட்டு. சினானிம் சினம், சினம்னா எதிரி. இல்ல இல்ல, அது நான் அவளுக்குத் தப்பாச் சொன்னது. அப்ப சரியானது எது? சரியானதைத் திருப்பித்தானே அவளுக்குச் சொன்னேன். அப்ப அவளுக்குச் சொன்னதைத் திருப்பிப் போட்டா சரியாயிரும். அவளுக்கு என்ன சொன்னேன்? அதுதான் பாட்டு. பாட்டுல உள்ளது சரியா, திருப்பிப் போட்டதா? ரெண்டு மாசமாக் கேட்டுக் கேட்டு, எது டீச்சர் சொன்னது எது நான் சொன்னதுன்னே எனக்குத் தெரியல. டீச்சர் சொன்னதுல பாட்டு இல்லல்லா, அது எங்கயோ போயிட்டு. நாலு ஆண்டனியும் வரிசையா வந்து நிக்கானுவ. கடைசியில, இவ்வளவு தெளிவா ஞாபகம் இருக்கது தப்பா இருக்குமான்னு தோணி, பாட்டு எப்பிடியோ அப்பிடியே எழுதிட்டேன். ஆறும்.

முப்பத்திரெண்டு மார்க்கு. பாஸுக்கு முப்பத்தஞ்சு. முப்பத்திரெண்டும் ஆறும் எவ்வளவு டீச்சர்? நீங்க கணக்கு டீச்சர்தானே, சொல்லுங்க. ஆமா, முப்பத்தெட்டு. நான் அதைக் கூட்டாத நாள் கிடையாது.

அவ அம்பத்தெட்டு. கொழுந்தன் போன்ல பாத்துச் சொன்னான். என் மார்க்கைக் கேட்டதும் அவ முகம் சுருங்கி அழுதுட்டா. எல்லாரும், பாரு, எவ்வளவு பாசம்ங்காவ. எனக்கு அழுகை வரல, ஒரே யோசனை. ஆறு மார்க்கு போயும் அம்பத்தெட்டு எப்பிடி வந்துச்சு? சாயங்காலம் துணி மடிக்கும்போது தனியாப் பிடிச்சேன். ஏட்டி, சினானிமுக்கு நீ என்ன எழுதுனன்னு கேட்டேன். “ஒரே அர்த்தம் உள்ளது யக்கா”ங்கா. நான் அப்பிடியா சொல்லித் தந்தேன்னேன். கையில உள்ள துணியை மடிச்சு வச்சுட்டு மெதுவாச் சொல்லுதா, “மறுநாளே டீச்சர்கிட்ட நோட்டைக் காட்டுனேன் யக்கா. அவிய திருத்தித் தந்தாவ. நீங்க அவசரத்துல மாத்திச் சொல்லிட்டியன்னு நெனச்சேன். நீங்க கிளாஸுல இருந்தியள்லா, உங்களுக்குச் சரியாத் தெரியும்தானே.” அப்ப எதுக்குட்டி ரெண்டு மாசம் அந்தப் பாட்டைப் பாடுனன்னேன். “நீங்க கட்டுன பாட்டுல்லா. நல்லாருந்துச்சு. அபிஷாவுக்கும் பிடிச்சுப்போச்சு, அதான்”ங்கா.

பாத்தியளா? தெரிஞ்சே பாடிருக்கா. தப்புன்னு தெரிஞ்சே, ரெண்டு மாசம், என் காதுல. நான் ஒரே ஒரு தடவைதான் தப்பாச் சொன்னேன் டீச்சர், அதுவும் வாய் தவறி. அவ எத்தனை தடவை சொல்லிருக்கா? கீரை உருவும்போது ஒண்ணு, மாவாட்டும்போது ஒண்ணு, கணக்குப் போடுங்க. யாரு செஞ்சது பெருசு? இதை எங்க வீட்டுல சொன்னா யாரு நம்புவா? அவ முகத்தைப் பாத்தா ஒண்ணுமறியாத பிள்ளை மாதிரித்தான் இருக்கும். நான் வாயைத் தெறந்தா, நான் மாத்திச் சொன்ன கதையும் சேந்துல்லா வெளிய வரும். அதனால பேசாம இருந்துட்டேன்.

இப்ப அவ பால்வாடிக்கு மனு போட்டு, கூப்பிட்டுக் கேள்வியெல்லாம் கேட்டாச்சு. ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி. போன மாசம் அவளே வந்து, “யக்கா, வடக்குவிளை பால்வாடியிலயும் இடம் காலியாவுதாம், நீங்க திருப்பி எழுதுங்க, இந்தத் தடவை விட்டுராதிய”ன்னா. எனக்கு முதல்ல சந்தேகந்தான். இவ எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லணும்? நானா இருந்தா சொல்லிருக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரை அனுப்பி விசாரிச்சேன். உண்மைதான். அதான் இன்னைக்கு எழுதப் போறேன்.

எல்லாம் படிச்சாச்சு. சிமிலி, மெட்டஃபர், லெட்டர் எழுதுதது, செய்யுள், எல்லாம் கரெக்டா வருது. இந்த ஒண்ணு மட்டும் நிக்க மாட்டேங்கு. கைடைப் பாத்தா சரியாத்தான் இருக்கு, மூடி வச்சா ஆண்டனி வந்துருதான். ஷெர்லின் டீச்சர்கிட்ட கேக்கலாம்னா அவிய கல்யாணம் ஆகி மார்த்தாண்டத்துக்குப் போயிட்டாவ. எதிர்வீட்டுல ஆண்டனி பல்லு விளக்குததைப் பாத்தாலே எனக்குக் குழம்பிப்போவுது.

இன்னைக்குக் காலையில கெளம்பும்போது அவ ஒரு சீட்டைப் பையில வச்சா. ஹாலுக்குள்ள போறதுக்கு முன்ன ஒரு தடவை பாருங்க யக்கான்னா. நான் பஸ் ஏறுன பொறவுதான் பிரிச்சேன். இதைத்தான் உங்ககிட்டக் கேக்கணும்னு நெனச்சேன். நீங்களே வாசிங்க. கண்ணாடி வேணுமா? நான் வாசிக்கேன். “ஆன்டனிம்னா எதிர்வீட்டு ஆண்டனி. எதிர்வீடு, அதனால எதிர்ப்பதம். மத்த மூணு ஆண்டனியையும் மறந்துருங்க யக்கா.” அடுத்தது, “சினானிம்னா சின்னம்மா. அபிஷாவுக்கு அம்மாவும் சின்னம்மாவும் ஒண்ணுதான். அதனால ஒரே அர்த்தம்.” கீழ அபிஷா ரெண்டு பொம்மை வரைஞ்சு வச்சிருக்கு. ரெண்டும் சேலை கட்டிருக்கு, ரெண்டுக்கும் கொண்டை. எது நான், எது அவன்னு தெரியல. அரை மணி நேரமாப் பாக்கேன்.

சரியா எழுதிருக்காளா டீச்சர்? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒரு எழுத்துக்கூட மாத்தலயே? மாத்தல. ம்.

மாத்தித்தான் எழுதிருப்பான்னு நெனச்சேன். எழுதிருந்தான்னா எவ்வளவு நல்லாருந்திருக்கும். நானும் ஒண்ணு மாத்திச் சொன்னேன், நீயும் ஒண்ணு மாத்திச் சொல்லிட்ட, சரிக்குச் சரின்னு இருந்திருப்பேன்.

ஆண்டனி சரி. எதிர்வீட்டு ஆண்டனி நல்லாத்தான் ஒட்டிக்கிட்டு. இந்த இன்னொண்ணுதான். ஹால்ல உக்காந்து நான் அதை மனசுக்குள்ள சொல்லணும்லா. என் மகளுக்கு நானும் அவளும் ஒண்ணுன்னு நான் சொல்லணும். சொன்னாத்தான் அந்த மார்க்கு. பெத்தது நான். பேறுகாலத்துக்கு நாகர்கோயில் வரைக்கும் ஆம்புலன்ஸுல போனது நான். அவ வந்து அஞ்சு வருசம். வேற ஏதாவது இருக்கா டீச்சர்? நீங்க ஸ்கூல்ல பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கது ஏதாவது? சின்னம்மா வராம? சினிமா, சினேகிதி, இப்பிடி எதையாவது வச்சு? யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல.

கணக்கு டீச்சர்னா இதெல்லாம் கஷ்டந்தான். நானும் யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் வரல. இதுதான் ஒட்டுது. சீட்டைப் பிரிச்ச நேரத்துல இருந்து பாட்டைக் காணோம், இதுதான் திருப்பித் திருப்பி வருது.

ஸ்டாண்டு வந்துட்டு. உங்க பையைப் பிடிங்க. மனசுக்குள்ளதானே சொல்லப் போறேன். அவளுக்குக் கேக்கவா போவுது.